பதினொரு தட்டுச் சீர்

நல்லூத்துப்பட்டியில் காது குத்து என்றால் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, தாய்மாமன் கொண்டுவந்த சீரைப் பற்றித்தான் பேச்சு. மேற்கே மலையும் கிழக்கே கண்மாயும் நடுவில் ஒரே ஒரு நீளத் தெருவுமாக இருக்கும் அந்த ஊரில் ஒரு காலத்தில் பித்தளை அண்டா கொண்டுவந்தவன் பெரிய மாமனாக இருந்தான், பிறகு எவர்சில்வர் வந்தது, வந்ததும் பித்தளை புளி போட்டுத் தேய்க்கிற சனியனாகிப் பரணுக்கு ஏறியது, எவர்சில்வரை ரேடியோ தோற்கடித்தது, ரேடியோவைத் தையல் மெஷினும், தையல் மெஷினை டிவியும், டிவியை ஃபிரிட்ஜும், ஃபிரிட்ஜைக் காரும் தோற்கடித்தன, கார் எல்லா வீட்டு வாசலிலும் வெயிலில் நிற்கத் தொடங்கிய வருடம் ஒரு மாமன் ஆறாள் உயர ரோஜா மாலையைக் கிரேனில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான், அந்த மாலையை எந்தக் கழுத்திலும் போட முடியாது என்பதே அதன் பெருமையாக இருந்தது.

சீர் வரும்போது குறுக்கே போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகு சீர் நகரக் கூடாது. கடைசித் தட்டு மண்டபத்துக்குள் வரும்வரை மாமன் வாசலில் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. அவன் உட்காராமல் குழந்தைக்கு மடி இல்லை, மடி இல்லாமல் காது குத்து இல்லை. இவையெல்லாம் எல்லா ஊரிலும் இருப்பவைதான். நல்லூத்துப்பட்டியில் கூடுதலாக ஒன்று இருந்தது. சீர் வாங்குகிற வீடு வாயைத் திறந்து ‘போதும்’ என்று சொல்லிவிட்டால் அந்த வீடு தோற்றது, மாமன் வென்றான் என்று அர்த்தம். அப்படி ஒரு வீடு சொன்னதாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஜெயக்கொடி கண்மாய்க்கரை முனையில் குடியிருப்பவன். ஒச்சம்மாள் நடத்திய வாடகைப் பாத்திரக் கடையில் பத்து வருடமாகச் சுமை தூக்கினான். அந்தக் கடையில் தாம்பாளங்கள் இருந்தன, ஜிகினாத்தாள் சுற்றிய பெட்டிகள் இருந்தன, ஒரு ஃபிரிட்ஜும் இருந்தது. அது பதினேழு காது குத்துக்கும் ஒன்பது சடங்குக்கும் ஊர்வலம் போய்ப் பின்வாசல் வழியாகக் கடைக்குத் திரும்பிய ஃபிரிட்ஜ். அதற்குள் மோட்டார் கிடையாது, இரண்டு ஆள் விரல் நுனியில் தூக்கலாம். பெட்டிகளுக்குள் காற்றுதான் இருந்தது. இது ஊருக்கே தெரியும், ஆனாலும் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டுச் சீரிலும் கொஞ்சம் காற்று இருந்தது.

அவன் தங்கை சிவனம்மாளைப் பெரிய வீட்டில் கொடுத்திருந்தார்கள், மண்டபம் இருக்கும் தெருக்கோடியில். அவளுக்கு ஐந்து வயதில் காது குத்தியபோது தாய்மாமன் வரவில்லை, கொண்டுவர ஒன்றும் இல்லாததால் வெட்கப்பட்டு அவர் வெளியூர் போய்விட்டார். மடி இல்லாத பிள்ளையை ஆட்டு உரலைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்துக் குத்தினார்கள். தங்கத் தோடும் இல்லை, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி. ஒன்பது வயது ஜெயக்கொடிதான் வாரம் ஒரு முறை பழைய குச்சியை எடுத்துவிட்டுப் பச்சைக் குச்சியை ஒடித்து எச்சில் தொட்டுச் செருகிவிட்டான். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு கணவனுடைய அண்ணன் வீரணனுக்கு இந்தக் கதை எப்படியோ தெரிந்துபோனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் ‘உரல்ல உக்காந்தவ’.

இப்போது அவள் மகள் கனிஷ்காவுக்கு ஐந்து வயது.

“அண்ணே, வெறும் பெட்டி வேணாம்ணே,” என்று சிவனம்மாள் போனில் சொன்னாள். “மூத்தவரு எல்லார் முன்னாடியும் பிரிச்சுப் பாப்பேன்னு சொல்லியிருக்காக.”

“பிரிச்சா?”

“நூத்தியொரு தட்டுக்குக் கொறஞ்சா பிள்ளைய துரைப்பாண்டி மடியில உக்கார வைப்பாகளாம். மூத்தவரு சம்சாரத்துக்குத் தம்பிதானே, மொறைக்கு அவனும் மாமந்தான்றாக. கிரேனு சொல்லியாச்சாம்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்னத்தச் சொல்ல. உரல்ல உக்காந்தவளுக்கு வாய் வேறயான்னாரு.”

“நான் வர்றேன் தாயி,” என்றான் ஜெயக்கொடி.

ஒச்சம்மாள் கடை முழுக்க அள்ளிக் கொடுக்கத் தயாராக இருந்தாள். “ஃபிரிட்ஜு, பீரோ, நூத்தியொரு பெட்டி, மொத்தத்தையும் எடுத்துட்டுப் போடா. ஒனக்குக் கொடுக்காம எவனுக்குக் கொடுக்கப் போறேன்.”

“வீரணன் மச்சான் பிரிச்சுப் பாப்பாராம்க்கா.”

அவள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். “அடுத்தவன் சீரைப் பிரிக்கிறதா? ஊர்ல பஞ்சம் வந்தப்பகூட இந்தக் கேவலம் நடந்ததில்லையே.” பிறகு எழுந்துபோய் அவன் கூலிக்காசில் நிரப்ப முடிகிற பதினொரு தாம்பாளத்தை மட்டும் தேடி எடுத்துச் சாம்பல் போட்டுத் தானே தேய்த்தாள்.

ஃபிளெக்ஸ் கடையில் எல்லா மாமன்களிடமும் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்டார்கள், தட்டு எத்தனை என்று போட வேண்டும். ஜெயக்கொடிக்குப் பதினொன்று என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன் திரும்பப் போகவே இல்லை, அவர்களும் அந்த இடத்தைக் காலியாக விட்டே அடித்து மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் மண்டப வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில், குழந்தையின் படத்துக்குக் கீழே, ‘தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை இருந்தது. பின்னால் காரணம் தேடியவர்கள் எல்லாரும் அந்த வெள்ளையைத்தான் காட்டினார்கள். வேறு காரணம் யாருக்கும் கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் யாரும் மெனக்கெடவும் இல்லை.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கண்மாய்க்கரை முனையிலிருந்து பதினோரு பெண்கள் தட்டு ஏந்திப் புறப்பட்டார்கள். பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், முருங்கைக்காய், மஞ்சள், ஒரு பட்டுப்பாவாடை, தேங்காய், கருப்பட்டி, எள்ளுருண்டை, பூ, ஒரு ஜோடி சின்ன வெள்ளி வளையல். முன்னால் ஒற்றைத் தவில். மண்டப வாசலில் மைக் பிடித்திருந்த சங்கிலி, ஒவ்வொரு தட்டும் படி ஏறும்போது எண்ணிச் சொல்கிறவன், அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டான். பதினொன்று என்றான். மைக்கை அணைக்கப் போனவன் படியில் இன்னொரு கால் ஏறுவதைப் பார்த்துப் பன்னிரண்டு என்றான்.

பன்னிரண்டாவது பெண்ணின் தட்டில் கம்புத் தானியம் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அவர்களை யாருக்கும் தெரியவில்லை, ஆனால் எப்போதோ ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களைப் போல எல்லாருக்கும் முகம் பழகியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டால் “பக்கந்தான்” என்றார்கள். யார் வீட்டுப் பெண்கள் என்று கேட்டால் “பொறந்த வீட்டுச் சீரு, வழிய விடுங்க” என்றார்கள். தட்டை இறக்கி வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த பிறகு யார் அவர்கள், யார் நம்மவர்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நூற்றொன்று என்று சங்கிலி சொன்னபோது வீரணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். இருநூறு என்றபோது உள்ளே போய்த் தட்டுகளைக் கிளறினார், அரிசி அரிசியாக இருந்தது, வெல்லத்தில் எறும்பு இருந்தது. “டேய், பின்வாசலப் பூட்டுங்கடா,” என்றார். “உள்ள போறதே சுத்திச் சுத்தி வருது.” பின்வாசலைப் பூட்டிச் சாவியை அவரே இடுப்பில் செருகிக்கொண்டார். வருகிற ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் குங்குமம் வைக்கச் சொன்னார். மாலைவரை குங்குமம் வைத்த தட்டு ஒன்றுகூட இரண்டாம் தடவை வரவில்லை, மூன்று கிண்ணம் குங்குமம் தீர்ந்தது, தெருவில் வரிசை அப்படியே நின்றது. விளக்கு வைத்ததும் பெண்கள் நின்ற இடத்திலேயே தட்டை இறக்கி வைத்து உட்கார்ந்தார்கள். விடிந்ததும் எழுந்து நடந்தார்கள்.

வாசலில் ஜெயக்கொடி கை கூப்பி நின்றான். கடைசித் தட்டு வரும்வரை அவன் நிற்க வேண்டும்.

மூன்றாம் நாளுக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. சீருக்குக் குறுக்கே யாரும் போக முடியாததால் ஒரே தெரு வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்று இரண்டு ஊராக ஆனது. பால் வாங்க வடக்கே வந்திருந்தவர்கள் வடக்கேயே சொந்தக்காரர் வீடுகளில் தங்கினார்கள், வரப்புத் தகராறில் பதினோரு வருடம் பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஒரே அடுப்பில் சோறு தின்றார்கள். பிள்ளைகள் தெற்கிலும் வாத்தியார் வடக்கிலும் நின்றுகொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள், நடுவில் போகிற பெண்களும் தட்டோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே போனார்கள். பஸ் இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்து திரும்பியது. தக்காளியைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொள்ள எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வர ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் அதன் ஓரமாகவே போனார், கண்மாயைத் தாண்டி, சுடுகாட்டைத் தாண்டி, மூன்று ஊர் தாண்டிப் பெட்ரோல் தீர்ந்து மறுநாள் நடந்து வந்து, “வந்துக்கிட்டேதான் இருக்காக, பானகம் குடுத்தாக, நல்லா இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் தானியம் தீர்ந்து பித்தளை வந்தது. பொன்னாகத் துலக்கிய அண்டாக்களைப் பெண்கள் தலையில் வைத்து வந்தபோது சூரியன் தெருவுக்குள் இறங்கி நடப்பது போலிருந்தது. அதற்குப் பிறகு எவர்சில்வர், ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது, ஓரத்தில் நின்றவர்கள் படித்துவிட்டு, “இது எங்கம்மாவோட தூக்குவாளி, பேரீச்சம்பழத்துக்குப் போட்டோமே,” என்றார்கள். லேஸ் துணி போர்த்திய ரேடியோக்கள் வந்தன, கதவு வைத்த டிவிகள் வந்தன, பொம்மை அடுக்கிய ஷோகேஸ்கள் ஒரு பொம்மைகூட விழாமல் வந்தன, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களை நாலு நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். ஒரு காலத்தில் எந்தெந்தப் பொருளுக்காக வயிற்றைக் கட்டி வாங்கி அடுத்த வீட்டைப் பார்த்துச் சிரித்தார்களோ அந்தந்தப் பொருள் முன்னால் போகும்போது ஊர்க்காரர்கள் வெயில் மறைக்கக் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாங்கியது நினைவிருந்தது. யார் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று வாங்கினோம் என்பதுதான் பலருக்கும் மறந்துபோயிருந்தது. சில பேர் அழுதார்கள், எதற்கு என்று கேட்டால் கண்ணில் தூசி என்றார்கள், ஆவணியில் தூசிக்குக் குறைவில்லை.

ஒன்பதாம் நாள் ஃபிரிட்ஜ்கள். ஒச்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதல் ஃபிரிட்ஜின் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். “ஏய் ஜெயக்கொடி,” என்று வாசல்வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். “இதுல மோட்டாரு இருக்குடா.”

வயர் இல்லாமல், கரண்டு இல்லாமல் அவை நடந்தபடியே குளிர்ந்தன. ஊரே கதவைத் திறந்து திறந்து தண்ணீர் குடித்தது.

பதினான்காம் நாள் கார்களும் ஏசிகளும் தீர்ந்தபின் இதுவரை யாரும் பார்த்திராத சாமான்கள் வரத் தொடங்கின. ஒன்று முட்டை வடிவத்தில் இருந்தது, மூச்சு விட்டது. ஒன்றைத் தொட்டால் தொட்டவர் பெயரைச் சொன்னது. இனி வரப்போகிற வருடங்களின் சீர் அது. ஊர் கொஞ்சம்கூடத் திகைக்கவில்லை. “இதுவா, எங்க மச்சினன் வீட்டுல பெங்களூர்ல ரெண்டு இருக்கே,” என்றார் ஒருவர். “அதுல பெருசு நல்லதில்ல, சின்னதுதான் உழைக்கும்,” என்றார் இன்னொருவர். அன்று சாயங்காலமே மூச்சு விடுகிற முட்டை இல்லாத வீடென்ன வீடு என்று இரண்டு குடும்பங்களில் சண்டை வந்தது.

இத்தனையும் போய்ச் சேர்ந்தது வீரணன் குடும்பத்துக்கு. மண்டபம் நிறைந்து, பள்ளிக்கூடம் நிறைந்து, களம் நிறைந்து, வீடு நிறைந்து, அவர் படுக்கும் கட்டில்மேல் ஆறு தையல் மெஷின்களும் அதற்குமேல் ஒரு பீரோவும் ஏறியாகிவிட்டது. ஆரம்பத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றவர் இப்போது டிராக்டர் பெட்டியில் படுத்தார். ஆனாலும் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. துரைப்பாண்டியின் கிரேன் தெற்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ரோஜாவை ஆடுகள் எட்டுகிற உயரம்வரை தின்றன, எட்டாததைக் காற்று தின்றது, கொக்கியில் வாழைநார்தான் தொங்கியது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் ஒவ்வொன்றாக வந்து போனது. கனிஷ்காவின் மொட்டைத் தலையில் முடி முளைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் காலை சிவனம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தாள். அவன் கால்கள் முழங்கால்வரை வீங்கியிருந்தன.

“இன்னும் எவ்வளவுண்ணே வரும்?”

“எனக்குத் தெரிஞ்சது பதினொண்ணுதான் தாயி.”

“உக்காந்துரு. சீரு பாதியில நின்னா நிக்கட்டும். துரைப்பாண்டி மடியில வேணாலும் உக்காரட்டும் பிள்ளை. எனக்கு நீ வேணும்.”

“நான் இப்ப உக்காந்தா ஒன்னையத் திரும்ப உரல்ல உக்கார வச்ச மாதிரிதான்.”

அவள் அவன் தோளுக்குமேல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பெண்கள் கம்பில் கயிறு கட்டி எதையோ தூக்கி வந்தார்கள். உள்ளே இடமில்லை என்று வாசற்படிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள், இறக்கிக் குப்புறக் கவிழ்த்தார்கள். ஆட்டு உரல். அடிப்புற விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்த இடத்தைச் சிவனம்மாள் விரலால் தொட்டாள். அந்த முனை தொடையில் கிழித்த தழும்பு அவளுக்கு இன்னும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் வீரணன் டிராக்டர் பெட்டியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு நாளாக அவர் உட்கார ஊரில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை, இருந்த நாற்காலிகளின்மேல் நாற்காலிகள் இருந்தன. “என்ன மாப்ளே, கல்லு மண்ணெல்லாம் கொண்டாந்து கணக்குக் காட்டுறியா,” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததன்மேல் உட்கார்ந்தார்.

தவில் நின்றது. வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் பேச்சு நின்றது.

“வீரணா,” என்றாள் ஒச்சம்மாள், “எதுமேல உக்காந்திருக்கேன்னு தெரியுதா?”

அவர் குனிந்து பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. எல்லாரும் அவர் கத்துவார் என்று காத்திருந்தார்கள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் வைத்து, வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார்.

“இந்த வெயில்லயும் சில்லுன்னு இருக்கே தாயி,” என்றார் சிவனம்மாளிடம். “இதுலயா உக்காந்தே, அஞ்சு வயசுல?”

“ஆமா மாமா.”

“யாரு புடிச்சுக்கிட்டா?”

“அண்ணந்தான் எங்காலைப் புடிச்சிக்கிச்சு.”

வீரணன் ஜெயக்கொடியின் கால்களைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார், அது கண்ணுக்கு எட்டியவரை தட்டுகளாகவே இருந்தது. பிறகு நல்லூத்துப்பட்டியில் எந்தச் சம்பந்தியும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னார், மைக் இல்லாமல், பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பது போல.

“போதும் மாப்ளே.”

சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் தட்டு ஏந்திய பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி தொட்டுப் பின்னால் சொல்லி அனுப்பினார்கள். போதுமாம், போதுமாம் என்று அது தெரு வழியாகப் போய்க் கண்மாய்க்கரையில் ஏறிச் சுடுகாட்டையும் தாண்டிப் போனது, மழை தூரத்தில் நடந்து போவது போல அந்தச் சத்தம் கேட்டது. உச்சிப்பொழுதில் வரிசையின் வால் தெருவுக்குள் நுழைந்தது. கடைசியாக வந்தவள் வயதானவள் இல்லை, இளையவளும் இல்லை. அவள் படி ஏறியபோது ஊர் முழுவதும் எட்டிப் பார்த்தது. அவளுடைய தட்டில் பச்சை வேப்பங்குச்சிகள் இரண்டு இருந்தன, வேறொன்றும் இல்லை.

குரல் போய்க் காற்றாகிவிட்ட சங்கிலி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டான். “எத்தனைன்னு சொல்லட்டும்ண்ணே? நாலாம் நாளே எனக்கு எண்ணிக்கை தப்பிருச்சு.”

“பதினொண்ணுன்னு சொல்லு.”

“பதினொண்ணா?”

“நான் கொண்டாந்தது அதான்.”

சங்கிலி பதினொன்று என்று சொன்னான். அதைக் கேட்டு வடக்கிலிருந்து ஒரு குலவை எழுந்தது, தெற்கிலிருந்து இன்னொரு குலவை எழுந்தது, பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பத்தொன்பது நாளைக்குப் பிறகு ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலந்தன. யாரோ ஒரு கரித்துண்டை எடுத்து ஃபிளெக்ஸின் வெள்ளையில் அந்த எண்ணை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு ஜெயக்கொடி உட்கார்ந்தான். மணையில் உட்கார இரண்டு பேர் தோளைத் தாங்க வேண்டியிருந்தது. கனிஷ்கா பட்டுப்பாவாடையைச் சுருட்டிக்கொண்டு வந்து மடியில் ஏறினாள்.

“மாமா, ஒங்க மடி ஆடுது.”

“நின்னு நின்னு ஆடுதும்மா. நீ உக்காந்துட்டேல்ல, நின்னுரும்.”

ஆசாரி ஊசியை எடுத்தார். பெரியவீட்டுத் தங்கத் தோடுகள் பெட்டியிலேயே இருந்தன, அதைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிள்ளை ஒரே ஒரு தடவை கத்தினாள், பிறகு ஊர் தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். சிவனம்மாள் வேப்பங்குச்சியை ஒடித்து அளவு பார்த்து அண்ணனிடம் நீட்டினாள். அவன் எச்சில் தொட்டு மெதுவாகச் செருகினான், முதலில் வலது காது, பிறகு இடது.

வாசலில் வீரணன் இன்னும் உரலின்மேல்தான் உட்கார்ந்திருந்தார். எழுப்பிவிடட்டுமா என்று யாரோ கேட்டதற்கு, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றார்.